தறிச் சத்தத்தில் தூங்கும் குழந்தையும் ஓசையற்ற கேமராவும்

சென்ற ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், காஞ்சிபுரம் செவிலிமேட்டில், என் அக்காவின் வீட்டில் நடந்தது இது. அக்கா பட்டு நெய்பவள். சேலைகளைப் படமாக அனுப்பி விற்பவள். படமெடுப்பது என் பொறுப்பு.

என் பழைய கேமராவில் பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் கண்ணாடி 'டப்'பென்று எழுந்து விழும். உடனே தொட்டிலில் அக்காவின் குழந்தை விழித்துக்கொள்ளும். தறிச் சத்தத்தில் அசையாமல் தூங்கும் குழந்தை இந்தச் சிற்றோசைக்கு ஏன் விழிக்கிறது என்பது இன்றும் எனக்கு விளங்காத புதிர்.

கண்ணாடியே இல்லாத மிர்ரர்லெஸ் கேமரா எனக்குப் பொருந்துமா என்று பார்க்க, திருமணங்களுக்குப் படமெடுக்கும் தோழியிடம் ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். கல்லூரிப் பட்டிமன்றங்களில் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? எடை, வேகம், ஓசையின்மை என்று அக்காவின் முன் அடுக்கினேன்.

"போதும்மா, மைக்கு எங்கன்னு குழந்தை எழுந்து தேடப் போவுது. படத்த எடு" என்றாள்.

தறியிலிருந்து அன்றுதான் அறுத்தெடுத்த முகூர்த்தச் சேலையைச் சுவரில் தொங்கவிட்டு, எல்.இ.டி. விளக்கொளியில், ஓசையற்ற முறையில் படமெடுத்தேன். குழந்தை விழிக்கவில்லை. வெற்றிக் களிப்பில், சரிபார்க்காமலே, சேலைக்குச் சொல்லிவைத்திருந்த சென்னை மணப்பெண்ணின் தாயாருக்கு அனுப்பிவிட்டேன். பதில் உடனே வந்தது: "குறுக்கே பட்டை பட்டையா தெரியுதேம்மா. கல்யாணத்துக்கு இது வேணாம்."

அக்காவின் முகம் வெளுத்தது. குறுக்கிழையான ஊடை சீராக விழாவிட்டால் சேலையில் குறுக்குப் பட்டை தெரியும். நெய்பவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. சேலையைத் தரையில் விரித்து அங்குலம் அங்குலமாகத் தடவினாள். "நல்லாத்தானே நெய்ஞ்சிக்கினு இருந்தேன்..." என்றபடி புரட்டிப் பார்த்தாள்.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். பட்டைகள் சேலையோடு நிற்கவில்லை. வெள்ளைச் சுவரிலும் ஓடின, தொட்டில் துணியிலும் ஓடின. அக்காவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"சேலைய நான் நெய்ஞ்சேன், சரி. செவுத்தையும் நானா நெய்ஞ்சேன்?"

அழுகையும் சிரிப்பும் கலந்த அந்தக் கேள்வி என் ஆர்வத்தைத் தூண்டியது. எல்.இ.டி. விளக்கை அணைத்து, கதவைத் திறந்து, வாசல் வெளிச்சத்தில் எடுத்தேன்: பட்டை இல்லை. மீண்டும் விளக்கின் கீழ்: பட்டை. நம் கண்ணுக்குத் தெரியாமல் அந்த விளக்கு துடித்துக்கொண்டிருக்கிறது. ஓசையற்ற முறையில் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவுசெய்வதால் அந்தத் துடிப்பும் பட்டையாகப் பதிந்துவிடுகிறது. அதே கேமராவிலுள்ள, ஓசை எழுப்பும் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்தேன். விளக்கின் கீழும் படம் தெளிந்தது, குழந்தைதான் விழித்துக்கொண்டது.

வாசலில் எடுத்த படத்தையும் ஒரு காணொளியையும் அனுப்பினோம். "இப்ப சரியா இருக்குது, எடுத்து வைம்மா" என்று பதில் வந்த பிறகுதான் அக்கா தண்ணீர் குடித்தாள்.

பின்னர் நான் மிர்ரர்லெஸ் கேமராவே வாங்கினேன். தொட்டில் அடுத்த அறைக்குப் போனது. எந்தக் கேமரா சிறந்தது என்று யாரேனும் இன்று கேட்டால், மேடையேறத் துடிக்கும் என் நாக்கை அடக்கிக்கொண்டு, "எதை, எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள்?" என்று முதலில் என்னைக் கேட்க வைப்பவை, யாரும் நெய்யாத அந்தச் சுவரில் ஓடிய பட்டைகள்தாம்.