பேரை மட்டும் மாத்து

போன் அடித்தால் உண்ணாமலை இரண்டாவது மணியில்தான் எடுப்பாள். முதல் மணியில் எடுத்தால், "கையிலயே வச்சிருந்தியா, எவன்கூட பேசிட்டிருந்த?" என்பான் புருஷன். மூன்றாவதில் எடுத்தால், "எவன் மடியில கெடந்த?" அதனால் முதல் மணிக்குக் கட்டைவிரலைத் திரைக்கு மேலே நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது தொடங்கும்போது தடவுவாள். எதிரே ஆட்கள் காத்திருந்தாலும் அப்படித்தான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, அப்பாசாமியின் ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு மனு அடிக்கிற வேலை. திங்கட்கிழமை என்றால் கூட்டம் ஜாஸ்தி. ஐந்து வருடத்துக்கு முன் அப்படியொரு திங்கட்கிழமைதான் சுரேஷ்குமார் வந்தான். ரமணாசிரமம் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு மனை முடித்துக்கொடுப்பவன். பெண்டாட்டிக்குப் பைத்தியம், தன்னை அடித்துக் கொல்கிறாள் என்று மனு சொன்னான். சொல்லச் சொல்ல அழுதான். உண்ணாமலை அதை நல்ல தமிழில் திருத்தி அடித்துக்கொடுத்தாள், டீயும் வாங்கிக்கொடுத்தாள். இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படியா என்று மனசு அடித்துக்கொண்டது. அவனுக்கு விவாகரத்து ஆனதும் அவனையே கட்டிக்கொண்டாள்.

ஆறாவது மாதத்தில் முதல் அறை விழுந்தது. இடது காதில் இன்னும் சீழ் வடிகிறது. இரண்டாம் வருடம் அவள் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை எட்டி உதைத்தான். எலும்பு நொறுங்கியது அவள் காதுக்கே கேட்டது. அரை மணி நேரத்தில் இட்லி வாங்கிவந்து ஊட்டிவிட்டு அழுதான். "நான் இப்படிப்பட்ட ஆளே இல்ல. உன் வாய்தான் என்னை மிருகமாக்குது." அவள் நம்பினாள். பேச்சைக் கம்மி பண்ணினாள். அடி கம்மியாகவில்லை.

போன ஐப்பசியில் அடி அண்ணாமலைக்கு, அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் கடைக்கு வந்தபோது அவனும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கலெக்டருக்கு ஒரு மனு அடி."

"யார் மேல?"

"உன் மேலதான். பைத்தியம்னு. இது மேல போயிட்டா அப்புறம் நீ எங்க போய் அழுதாலும் எவனும் நம்பமாட்டான்." சிரித்த முகமாகவே சொன்னான். "புதுசா எதுக்கு அடிக்கிற? பழசு உன் கம்ப்யூட்டர்லயே இருக்குமே. பேரை மட்டும் மாத்து."

பயத்தில் கை தானாகப் பழைய மனுவைத் திறந்தது. முதல் பெண்டாட்டி பூஜாவின் பெயரை அழித்து உண்ணாமலை என்று அடித்துக்கொண்டே கீழே வந்தாள். நான்காவது வரி: 'தன் சுண்டுவிரலைத் தானே கதவில் நசுக்கிக்கொண்டு பழியை என் மேல் போடுகிறார்.'

அவளே அடித்த வரி. அவளுடைய சுண்டுவிரல் மடங்காமல் அதே கீபோர்டின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தன் வாய்தான் காரணம் என்று இருந்தாள்.

"பூஜா வெரலையும் நீதான் ஒடச்சியா?"

கடை முழுக்கக் கேட்டது. கொண்டையைப் பிடித்து அவள் முகத்தைக் கீபோர்டில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. எழுத்துக் கட்டைகள் தெறித்தன. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பிடியை விடாமல், வரிசையில் நின்றவர்களிடம் இதமாகச் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க. இவளுக்கு இப்படித்தான் அப்பப்ப புத்தி பிசகிடும்."

பட்டாவுக்கு மனு கொடுக்க வந்திருந்த ஜோதியம்மாள் முன்னால் வந்தாள். "புத்தி அவளுக்கா பிசகிச்சு? மயிரு உன் கையில இருக்குதே, கபோதி!" கையிலிருந்த டிபன் கேரியரை அவன் மண்டையில் இறக்கினாள். சாம்பாரும் ரத்தமுமாய் அவன் சரிந்தான். அப்பாசாமியும் இரண்டு பேரும் அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"வா கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இருங்கம்மா, அடிச்சு முடிச்சிடறேன்."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். மனுதாரர்: உண்ணாமலை. பழைய மனுவையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். மாசக்கணக்காகச் சாயங்காலமானால் அழுகை வந்தது. அதற்கு வெட்கப்பட்டாள்.

"அடிச்சவனை நெனச்சா அழுவுற?" என்றாள் அம்மா.

"அவனுக்கு இல்லம்மா. மொதமொதல்ல கடையில வந்து அழுதான் பாரு, அவனுக்கு."

"அப்படி ஒருத்தன் இருந்தாதானடி!"

அம்மா சொன்னது மண்டையில் ஏற மேலும் சில மாதங்கள் ஆயின.

வழக்கில் சாட்சி சொல்ல பூஜா வந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. உண்ணாமலை அடித்துக்கொடுத்த அந்த முதல் மனுவைக் காட்டித்தான் பூஜாவை ஒரு தனியார் மனநல விடுதியில் சேர்த்திருக்கிறான். அங்கே அவளை நாற்பத்தொரு நாள் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள்.