ஸ்பெயினில் வீசிய சோளகம்

ஹீட்டரின் மேல் காயப்போட்ட நனைந்த கம்பளிக் கையுறைகளின் மணம்... அதோடு நூலகத்துப் போட்டோகொப்பி மெஷினின் சூட்டு மணம். இரண்டும் சேர்ந்தால் எனக்கு எண்பத்தேழாம் ஆண்டு, நாங்கள் அகதியாய் வந்திறங்கிய ரெக்ஸ்டேல் நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது பத்தொன்பது வயது. நானும் அண்ணாவும் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தோம். எங்கள் அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

நேர்சிங் படிக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவேண்டும். மிச்சமிருந்தது ஜியோகிரஃபி ஒன்றுதான்.

"உதிலை ஃபெயில் எண்டால் பேசாமல் என்ரை ஃபக்டரிக்கு வா. பிளாஸ்டிக் வாளிக்குக் கைபிடி பூட்டலாம்."

அண்ணா பகிடிக்குச் சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டும் வைத்துவிட்டார்.

ஜியோகிரஃபி மிஸ் ஒரு பெட்டிக்குள் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ஒவ்வொரு துண்டிலும் ஏதோவொரு நாட்டின் ஒரு சின்ன ஊர். அதன் நிலம், வரலாறு, பிழைப்பு... நாலு பக்கம் எழுதவேண்டும். எனக்கு வந்தது ஸ்பெயினில் வில்யசால்.

என்ன கோதாரி இது! ஸ்பெயின் எந்தப் பக்கம் என்றே மேப்பில் தேடவேண்டியிருந்தது.

மூன்று நாள் நூலகத்தில் கிடந்தேன். கலைக்களஞ்சியத்தில் பதினொரு வரிதான் இருந்தது. கடற்கரை. ரோமர் வந்தார்கள், பிறகு அராபியர், பிறகு ராசாக்கள். எங்களுக்குப் பறங்கி, ஒல்லாந்தன், வெள்ளைக்காரன் மாதிரி. மீன், ஒலிவ், உப்பு. அவ்வளவுதான். பக்கத்தில் முத்திரை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

படத்தில் உப்புக் குவியல்கள்.

என் அப்பா ஆனையிறவு உப்பளத்தில் ஓவர்சியர். ஊரில் சண்டை. மூன்று மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன்...

அன்று பின்னேரமே நாலு பக்கமும் முடிந்தது.

கடல்தண்ணீரை எப்படி மறித்துவிடுவது, ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு எப்படி மாற்றுவது, உப்பு முதலில் எந்த மூலையில் பூக்கும், தலையில் கூடை சுமக்கிற பெண்களுக்குக் காலில் எங்கே வெடிக்கும்... எல்லாம் எழுதினேன். ஒரு ஓவர்சியர் காலையில் சைக்கிளில் வரம்பால் வந்து, ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பார் என்றும் எழுதினேன். மழைக்கு முன்பு ஸ்பெயின்காரர் கிடுகு பின்னி உப்பை மூடுகிறார்கள் என்று வேறு எழுதிவைத்தேன். ஸ்பெயினில் தென்னைக்கு எங்கே போவார்கள் என்று யோசிக்கவேயில்லை, விசரி!

அதுகூடத் தப்பியது. மாட்டியது காற்று. "வைகாசியில் சோளகம் எழும்பினால் உப்பு தானாய் விளையும்" என்று அப்பா சொல்வார். தென்மேற்குக் காற்றுக்கு இங்கிலீசில் என்ன தனிப் பெயர் என்று தெரியாமல், 'சோளகம்' என்றே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டேன்.

மிஸ் வகுப்பு முடிந்ததும் என்னை நிற்கச் சொன்னார். அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், 'இது எந்த ஊர்க் காற்று?' என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி.

"நல்லாய் எழுதியிருக்கிறாய். ஆனால் இது வில்யசால் இல்லை, அல்லவா? எந்த ஊர் என்று சொல். தலைப்பை மாற்று. இதற்கே மார்க் போடுகிறேன்" என்றார் மிஸ், ஆங்கிலத்தில்.

வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அண்ணா தினமும் ஓதுவது காதுக்குள் கேட்டது. "கேஸ் முடியுமட்டும் ஊரைப் பற்றி ஒரு இடத்திலையும் எழுதிக் குடுக்காதை. எல்லாம் ஃபைலுக்குள்ளை போகும்." பள்ளிக்கூட மிஸ் என்ன, என் கொம்பொசிஷனைத் தூக்கிக்கொண்டு இமிகிரேஷனுக்கா ஓடப்போகிறார்? இப்போது சிரிப்பு வருகிறது. அன்று நம்பினேன்.

"ஸ்பெயின் காற்றுத்தான், மிஸ்" என்றேன்.

மிஸ் மார்க் போடாமல் தாள்களைத் திருப்பித் தந்து, இரண்டு நாளில் வேறு எழுதிவரச் சொன்னார். அந்தப் பதினொரு வரியை நாலு பக்கத்துக்கு இழுத்தேன். ரோமர், அராபியர், ராசாக்கள். உப்புச்சப்பில்லாத கட்டுரை. ஐம்பத்திரண்டு மார்க். பாஸ்!

அண்ணா கோழி வாங்கிவந்து சமைத்தார். வாளிக் கைபிடி கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அடுத்த மாதம் அப்பாவின் கடிதமும் வந்தது. நான் நேர்ஸ் ஆனேன், கேஸும் சரிவந்தது. ஆனால் அப்பாவைத் திரும்பப் பார்க்கக் கிடைக்கவில்லை. சண்டைக்குள் உப்பளமும் போய், அவரும் போய்விட்டார். அவருடைய ஒரு படம்கூட உப்பளத்தில் எடுத்ததாக எங்களிடம் இல்லை.

இப்போது அஜக்ஸ் என்கிற ஊரில் இருக்கிறோம். போன கிழமை பேஸ்மென்ட் துப்புரவாக்கும்போது மகள் ஒரு பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். படியிலேயே நின்று வாசித்திருக்கிறாள்.

"அம்மா, நீங்க ரியலி ஸ்பெயினில இருந்தனீங்களா? யார் இந்த சைக்கிள் மனிசன்? ஹீ சவுண்ட்ஸ் சோ நைஸ்."

"உன்ரை அம்மப்பா" என்றேன்.

இன்றைக்கு ஃபோனில் தட்டினால் வில்யசால் தெருத் தெருவாய் வரும். ஆனையிறவும் வரும், மேலிருந்து சதுரம் சதுரமாய். வரம்பால் சைக்கிளில் போகிற அப்பா எதிலும் வரமாட்டார். அவர் இருப்பது ஒரு ஸ்பெயின் ஊரின் பெயர் போட்ட இந்த நாலு பக்கத்தில் மட்டும்தான்.

மகளிடம் பேனை வாங்கினேன். தலைப்பை வெட்டி 'ஆனையிறவு' என்று தமிழில் எழுதினேன். சிவப்பு மை மங்கிப்போயிருந்தது, ஆனால் கேள்வி வாசிக்கக்கூடியதாய் இருந்தது. அதற்குக் கீழே எழுதினேன்...

"எங்கடை ஊர்க் காத்து, மிஸ்."