வேறு வண்டியின் சக்கரம்

எங்கள் மலையில் ஆம்பிளைகளுக்கு ஒரு பெருமை உண்டு. முன் பிரேக்கைத் தொடாமலே பைக்கில் அடிவாரம் வரை இறங்குவது. அதைப் பிடித்தால் வண்டி ஆளைத் தூக்கி அடித்துவிடும் என்று எந்தக் காலத்திலோ எவனோ சொல்லிவைத்ததை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினையும் அணைத்துவிட்டு, பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வளைவுக்கு மேல் வளைவாக இறங்குவார்கள். என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர் என்று எங்கள் ஊர் தலைச்சோலையில் பேர்.

அவருக்குக் கீழே கட்டட வேலை. மகள் சேலத்தில் நர்சிங் முதல் வருஷம். தினமும் காலையில் அப்பா பின்னால் உட்கார்ந்து இறங்கி, அடிவாரத்தில் பஸ் பிடிப்பாள். நான் ஏற்காடு டவுனில் ஒரு லாட்ஜில் அறை கூட்டி, படுக்கை விரிப்பவள். அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர் தனியாக ஏறி வரும்போது மூடுபனிக்குள் காட்டெருமை குறுக்கே வந்துவிட்டது. ஒதுங்கியதில் வண்டி பாறையில் மோதி, முன் சக்கரம் அப்பளமாக நெளிந்துபோனது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த மாடலே இப்போது வருவதில்லை. பழைய சாமான் கடையிலிருந்து வேறு ஏதோ வண்டியின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அளவு ஒண்ணுதான். மாட்டிக்கிட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார்.

என் மகள் ஏறுகிற வண்டி. லீவு போட்டுவிட்டு நானும் கூடவே மெக்கானிக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவருக்கு மானம் போய்விட்டதாம். "பொம்பள வந்து பாத்தாத்தான் சக்கரம் சுத்துமா?" என்று முணுமுணுத்தபடி எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் சக்கரத்தை முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "ஏனுங்கக்கா, இது அப்படியே சேராதுங்க. நம்ம அச்சு மெல்லிசு, இதுல ஓட்டை பெருசு. பேரிங் மாத்தோணும். ரெண்டு பக்கமும் சந்து அடைய அளவா புஷ் கடைஞ்சு போடோணும். அதவிட முக்கியம் இதுங்க" என்று பிரேக் தட்டைக் காட்டினார். அதன் ஓரத்தில் ஒரு காடி, வெட்டிவிட்ட மாதிரி சின்னப் பள்ளம். எங்கள் ஃபோர்க்கில் ஒரு சின்ன முளை. காடிக்குள் முளை உட்கார வேண்டும். உட்காரவில்லை.

"உக்காரலைன்னா என்னாகும்?"

"பிரேக்கப் பிடிச்ச ஒடனே தட்டும் சேர்ந்து சுத்துமுங்க. சக்கரம் அப்படியே கட்டிப்போட்ட மாதிரி நின்னுரும். ஆளு முன்னால போய் விழுவாருங்க."

"அப்ப உக்கார வெச்சுக் குடுங்க. எத்தன நாளானாலும் ஆவட்டும்."

நெளிந்த சக்கரத்திலிருந்து எங்கள் வண்டியின் பழைய தட்டையே கழற்றி இதற்குள் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. புஷ் சேலத்து லேத்தில் கடைந்து வந்தது. மறுபடியும் போய் உட்கார்ந்தேன். சக்கரம் நடுவில் நிற்கிறதா, டயர் எங்கும் உரசுகிறதா, முளை காடிக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அந்த மனுஷனின் உயிரை வாங்கினேன். நட்டு இறுக்கி, அது கழலாமல் கம்பிப் பின் குத்தி, சமதரையில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓட்டி முன் பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். வண்டி நேராக நின்றது.

"அண்ணா, எறக்கத்துல ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க. இன்ஜினை அணைக்காதீங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றியா சாமி?" என்று இவர் சிரித்தார்.

அடுத்த வாரமே லாட்ஜுக்குப் போன் வந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் பேசினார். பாதி இறக்கத்தில் பின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கிறது. பள்ளத்தில் போகாமல் இருக்க என் வீட்டுக்காரர் வண்டியை மலைப் பக்கம் திருப்பி, வடிகாலில் விட்டிருக்கிறார். இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. மகளுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாதி இறக்கத்தில் ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தேன். அசைத்துப் பார்த்தேன், சக்கரம் ஆடவில்லை. முளை காடிக்குள் அப்படியே இருந்தது. முன் பிரேக்கின் கேபிளைத்தான் கழற்றி, கம்பியால் சுருட்டி மேலே கட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "புதுச் சக்கரத்துல முன் பிரேக் நொம்பக் கவ்வுச்சு. தூக்கி அடிச்சுருமோன்னு கழட்டி வெச்சேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. மயக்கம் தெளிந்ததும் மகளும் அதையே சொன்னாள். அவர் கேபிளைக் கழற்றியதை வாசலில் நின்று பார்த்தாளாம். அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு என்றாராம்.

மறுநாள் சொந்தக்காரர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் முன்னால் அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "வேற வண்டிச் சக்கரத்த மாட்டுனா இப்பிடித்தான் ஆகும். இவதான் கூட நின்னு மாட்ட வெச்சா."

நான் கேபிளைச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. அவருடைய அக்கா கட்டிலருகே குனிந்தாள். "நீதான கண்ணு பின்னால இருந்த. நீயே சொல்லு."

மகள் அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"சக்கரந்தாங்க அத்தை ஆடுச்சு."

ரெண்டு மூன்று பேர் மெக்கானிக் கடைக்குப் போய்க் கத்திவிட்டு வந்தார்கள். நான் அந்தக் கடை வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். மகளுக்குப் படிப்பில் ஒரு வருஷம் போனது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நான் பேசினால் எழுந்து போய்விடுவார்கள்.

கால் கூடி, இந்தத் திங்கட்கிழமை அவள் மறுபடி காலேஜுக்குக் கிளம்பினாள். அதே வண்டி. நான் பார்த்துப் பார்த்து மாட்ட வைத்த சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ இன்னொன்றைக் கொண்டுவந்து அவரே மாட்டியிருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். முளை காடிக்குள் இருக்கிறதா என்று பார்க்க நான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார் அவர்.

"போலாம்ப்பா, நேரமாச்சு" என்றாள் மகள்.