பழைய ராமுக்கு ஒரு மதர்போர்டு

எங்கள் வீட்டில் மாமா ஒரு பேச்சைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பது மற்றவர்களின் வேலை. அம்மாவின் ஒரே தம்பி அவர். சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். சொல்லின் முதல் எழுத்து வாய்க்குள் மாட்டிக்கொண்டு நகர மறுத்துவிடும். “க... க...” என்று அவர் நின்றால், காப்பியா என்பார் அம்மா, கரண்டு போயிருச்சா என்பார் அப்பா, கத்திரிக்கோலா என்பேன் நான். மூன்றில் ஒன்று பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாக இருந்தாலும் மாமா தலையாட்டிவிடுவார். அந்த வகையில் அவர் வேண்டாத காப்பி நிறையக் குடித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வேலையில் வீட்டிலேயே கெட்டிக்காரி நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. உதடு குவிவதை வைத்தே அடுத்த சொல் என்னவென்று கண்டுபிடித்துவிடுவேன். விருந்தாளிகள் வந்தால் மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

நாங்கள் கொல்லிமலையில், தேவனூர் நாடு என்று சொல்லும் பகுதியில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே மிளகுக் கொடியும் வாழையும் உண்டு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை விட்டால் கம்ப்யூட்டர் இருந்த ஒரே இடம் எங்கள் வீடு. மாமா சேலத்தில் படித்த காலத்தில் ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப் போட்டதை வாங்கி, வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், ரோடு கேட்டுப் பஞ்சாயத்துக்கு எழுதும் மனு என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் அதில்தான் தமிழில் அடித்துக் கொடுப்பார். வருகிறவர்கள் எழுதிக் கொண்டுவந்துவிடுவார்கள் என்பதால் அந்தத் தொழிலில் பேச்சுக்கு அவ்வளவாக வேலை இல்லை.

நான் ஐந்தாவது முடித்த சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் கோடை இடி இறங்கியது. பலா மரத்துக் கிளை ஒன்று கருகியது. மானிட்டர் கறுப்பாகி, கேபினெட்டிலிருந்து நாற்றம் வந்தது. மாமா மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். பிராசசர் பிழைத்திருந்தது. ராம் என்கிற நினைவகக் குச்சி, ஹார்டு டிஸ்க் எல்லாம் நன்றாக இருந்தன. போனது இவற்றையெல்லாம் மாட்டும் மதர்போர்டு மட்டும்தான்.

அப்பாவுக்கு இது நல்ல சாக்காகப் பட்டது. திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போகும் போர்வெல் லாரி ஒன்றில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். மாமாவை அதில் ஏற்றிவிடலாம் என்று முன்பே பேசிக்கொண்டிருந்தவர், இப்போது பெட்டியையே கட்டச் சொல்லிவிட்டார். அப்பா கெட்டவர் இல்லை. மாமாவுக்கு வயது ஏறுகிறது, கையில் ஒரு வருமானம் இல்லாமல் யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலைதான். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்.

“தமிழே பாதிதான் வருது. அங்க போயி இந்தியில என்னத்தைப் பேசுவான்?”

அப்பா கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, மிளகு விற்றதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். போர்டு மட்டும். அதற்கு மேல் ஒரு ஒயர்கூடக் கேட்கக் கூடாது. அதில் ஓடவில்லை என்றால் லாரிதான்.

மாமா தாளை விரித்து அதன்மேல் உறுப்புகளைப் பரப்பி எனக்குக் காட்டினார். கடையில் நான்தான் பேச வேண்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். பழைய ராம் குச்சியின் அடியில் இரண்டு வெட்டு இருக்கும். புதிதாக வருவதில் ஒன்றுதான். அதனால் புது போர்டில் பழைய ராம் நுழையாது. ஆனால் இரண்டுக்கும் தனித்தனியாக ஸ்லாட், அதாவது செருகும் பள்ளம், வைத்த போர்டு ஒன்று வருகிறதாம். கம்ப்யூட்டர் பத்திரிகையில் பார்த்திருக்கிறார். அது கிடைத்தால் இப்போதைக்குப் பழையதை வைத்து ஓட்டலாம். கையில் காசு சேரச் சேர முதலில் ராம், அப்புறம் ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். இத்தனையையும் அவர் பாதி சொன்னார், நான் பாதி சொன்னேன். நான் சொன்ன பாதி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

கிளம்பும்போது அம்மா என் தலையைச் சீவிவிட்டபடி, “மாமனுக்கு வாய் நீதான் கண்ணு. பார்த்துப் பேசு” என்றார். நான் அதைப் பெரிய உத்தியோகம்போல ஏற்றுக்கொண்டேன். வளைவுகளில் வாந்தி வந்தாலும் உத்தியோகத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். பஸ் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிச் சமவெளியில் ஓடத் தொடங்கிய பிறகுதான் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தேன்.

சேலத்தில் முதலில் நுழைந்தது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. கல்லாவில் இருந்தவர் சுறுசுறுப்பானவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார். மாமா “ப... ப...” என்று தொடங்கினார்.

“புதுசுதானுங்க, நம்மகிட்ட எல்லாமே புதுசு” என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார் அவர்.

பழைய ராம் போடுகிற போர்டு வேண்டும் என்று நான் திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு, பழசெல்லாம் இப்போது யார் போடுகிறார்கள் பாப்பா என்று சொல்லி, புது ராம் ஒன்றையும் பெட்டிமேல் வைத்தார். மாமா கையை நீட்டித் தடுத்து, “ரெ... ரெ... ரெண்டு...” என்றார். ரெண்டு பெட்டியா என்று கேட்டபடியே அவர் இன்னொரு பெட்டியை எடுக்கப் போனார். நிலைமை கைமீறுவது எனக்குத் தெரிந்தது. மாமாவைக் காப்பாற்ற எண்ணி, “ரெண்டு நாள் கழிச்சு வாரோமுங்க” என்று முடித்து வைத்தேன்.

மாமா வழக்கம்போலத் தலையாட்டினார். நாங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம்.

வெயிலில் நின்றபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் தாளில் சுற்றி வைத்திருந்த பழைய ராமை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் திரும்பி நின்றார். போர்வெல் லாரியைத்தான் நினைக்கிறார் என்று எனக்கே தெரிந்தது. கூல்டிரிங்ஸ் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் நடந்திருப்போம். செருப்புக் கடை ஒன்றுக்கு மேலே, மாடிப்படியோரம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையின் பெயர்ப் பலகை தொங்கியது. அவர் விறுவிறுவென்று படியேறினார். நான் பின்னால் ஓடினேன்.

மேலே ஒரே அறை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாவைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கும். அவரை அத்தை என்று கூப்பிடப் பழக எனக்குப் பிற்பாடு கொஞ்ச காலம் பிடித்தது. அன்றைக்கு அவர் வெறும் கடைக்கார அக்கா. எங்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “சொல்லுங்க” என்றார்.

மாமா தொடங்கினார். பகரம் மாட்டிக்கொண்டது. நான் தயாராகத்தான் இருந்தேன்.

“பழைய ராம் போடற...”

அந்த அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “அவங்களே சொல்லட்டும் கண்ணு” என்றார். அதட்டலாக இல்லை. சோறு வைக்கிறவர்கள் கொஞ்சம் பொறு என்பார்களே, அப்படி. பிறகு மாமாவைப் பார்த்து நின்றார்.

மாமா திக்கும்போது புது ஆட்கள் ஒன்று அவர் வாயையே பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கூரையைப் பார்ப்பார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. பேசுகிற ஒருவரை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சொல்தானே, எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

“ப... ப... பழைய ராம் இருக்குதுங்க. இப்ப அ... அதைப் போடணும். பி... பின்னால புது ராம் போடணும். ரெ... ரெண்டுக்கும் ஸ்லாட் இருக்கற போ... போர்டு வேணுங்க.”

மாமா வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. அவருக்கே அது வியப்பாக இருந்திருக்க வேண்டும். முடித்துவிட்டு, இன்னும் ஏதாவது வரப்போகிறதா என்பதுபோல நின்றார்.

அக்கா இரண்டு பெட்டிகளை எடுத்துவந்தார். ஒன்று பேர்போன கம்பெனி, வேகமானது, ஆனால் பழைய ராமுக்கு இடமில்லை. மற்றது அவ்வளவு பேர் தெரியாதது, விலை குறைவு. இரண்டு வகை ஸ்லாட்டும் இருந்தன, பழைய பிராசசரும் அதில் உட்காரும். ஸ்லாட் இரண்டு இருந்தாலும் இரண்டு வகை ராமும் ஒன்றாக ஓடாது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று அவரே எடுத்துச் சொன்னார். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும் என்றார். மாமா சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அக்கா அந்தக் குச்சியைத் தாளிலிருந்து பிரித்து, துணியால் துடைத்து, மேசைமேலேயே போர்டில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். ஒரு பீப் சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அத்துடன் கிளம்பியிருக்கலாம். மாமா கிளம்பவில்லை. மின்னல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். கரண்டு கொடுக்கும் பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தாங்குமா என்று கேட்டார். புது ராம் போடும்போது பழையதைக் கழற்றிவிட வேண்டுமா என்று கேட்டார். இதற்கெல்லாம் பதில் அவருக்கே தெரியும். வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒவ்வொரு கேள்வியும் வந்து சேர அத்தனை நேரம் எடுத்தது. அக்காவின் டிபன் பாக்ஸில் ஈ மொய்த்தது. அவர் எழுந்து போய் மூடிவிட்டு வந்து மறுபடியும் நின்றார். எனக்குப் பசித்தது. எனக்கு அங்கே வேலையே இல்லை என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் புது போர்டை மாட்டி முடித்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார். திரை வெளிச்சமானது. அப்பா எழுந்து போய், ஊரில் வைகாசி முகூர்த்தம் யார் யார் வீட்டில் என்று விசாரித்துவிட்டு வந்தார். அதன்பின் லாரிப் பேச்சு எடுக்கவில்லை.

நான் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் புகார் சொன்னேன். அந்தக் கடைக்கார அக்காவுக்குக் கொஞ்சம்கூட இரக்கமில்லை, மாமா அவ்வளவு கஷ்டப்பட்டும் சும்மாவே நின்றுகொண்டிருந்தார், என்னையும் சொல்லவிடவில்லை என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

“அவன் முடிக்கற வரைக்கும் நின்னுச்சா அந்தப் புள்ள?”

ஆமாம் என்றேன்.

“மாமன் முழுசாச் சொன்னானா?”

அதற்கும் ஆமாம் என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த அக்கா எந்த ஊர், கழுத்தில் தாலி இருந்ததா, எப்படிச் சிரிப்பார் என்றெல்லாம் கேட்டார். மதர்போர்டு வாங்கப் போன இடத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? எரிச்சலோடு தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை வேலைகள் வந்தன. மாமா ராத்திரி பகலாக அடித்துக் கொடுத்தார். போர்டு நன்றாகவே ஓடியது, பழைய ராமும் நன்றாகவே ஓடியது. ஆனாலும் ஆனி மாதத்தில் ஒரு நாள், இனிமேல் புது ராம் போட்டால்தான் சரிப்படும் என்று மாமா சொன்னார். அப்பா ஏன் என்று கேட்பதற்குள் அம்மா, ஆமாம், போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். அம்மாவுக்கு ராம் என்றால் என்னவென்றே தெரியாது.

நானும் வருகிறேன் என்று நின்றேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று அம்மா சொல்லிவிட்டார். விடிந்ததும், மரத்திலிருந்த நல்ல பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டி மாமாவிடம் கொடுத்தார். விலையைக் குறைத்துக் கேட்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். மாமா அதைத் தோளில் வைத்துக்கொண்டு, சலவைச் சட்டையோடு, படிப்பை முடித்த பிறகு முதல்முறையாகத் தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

அன்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஏறவில்லை. கண்ணாடிக் கதவுக் கடைக்காரர் ரெண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று எடுத்து மாமா தலையில் கட்டுவதுபோலவே தோன்றியது. அந்த இரக்கமில்லாத அக்காவிடம் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். சாயங்காலம் பையைக்கூட வீட்டில் போடாமல் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். முதல் பஸ்ஸில் அவர் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. பனி இறங்கி, எதிரில் இருந்த மிளகுத் தோட்டம் மறைந்த பிறகு கடைசி பஸ் வந்தது.

மாமா இறங்கினார். கையில் ராம் இருந்த சின்ன அட்டைப் பெட்டி மட்டும் இருந்தது. ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

“அங்க உங்களுக்கு யாரு மாமா பேசினது?”

நடந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார். “நா... நா... நான்தான்” என்றார். நானும் முடித்து வைக்கவில்லை. வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்துக் காத்திருந்துவிட்டேன்.

நான் அதை நம்பவில்லை. காலையில் போன மனிதர், கடைசி பஸ் வரைக்கும் தானே பேசிச் சமாளித்திருக்க முடியுமா? பாவம், அங்கேயும் யாரோ நல்ல மனசுக்காரர் பக்கத்தில் நின்று, மாமா தொடங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன்.