வேப்ப மரத்தில் தொங்கிய போன்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அலுமாரியைத் துப்புரவு செய்யப்போய், பழைய சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்து எடுத்தாள். உள்ளே என் முதல் டச் போன். பற்றறி ஊதி, பின்மூடி பிளந்துபோய் இருந்தது. "இதையும் எறியாமல் வைச்சிருக்கிறியளே!" என்றாள். நான் பையை வாங்கி மணந்து பார்த்தேன். வறுத்த கச்சான் மணம், நிலக்கடலை மணம். அவளும் மணந்து பார்த்துவிட்டுப் பூச்சி உருண்டை மணம்தான் வருகிறது என்றாள். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகு கச்சான் மணம் மிஞ்ச நியாயமில்லை. ஆனாலும் எனக்கு மணத்தது, நான் என்ன செய்ய?

போர் முடிந்து மீள்குடியேறிய காலம் அது. புதுக்குடியிருப்பில் தகரக் கொட்டிலொன்றில் கணக்குப் பாடம் ரியூசன் எடுத்துக்கொண்டிருந்தேன். கலியாணம் ஆகவில்லை. தங்கச்சி சுபாவும் நானும் மட்டும்தான் வீட்டில். கனடாவிலிருந்த அண்ணர், ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் அந்தப் போனைக் கொடுத்துவிட்டிருந்தார். எங்கள் ஒழுங்கை வீடுகளில் அதுதான் முதல் டச் போன். எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டாம். சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே தெரிகிற மாதிரித்தான் வைப்பேன். திரையில் ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கடைசிவரை உரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யார்தான் உரித்தார்கள்? உட்காருகிற கதிரைக்கு வந்த உறையே கிழிந்து தானாக விழும்வரை கதிரையிலேதான் இருக்கும்.

பெருமை இருந்த அளவுக்குப் பாவிக்கத் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காதில் வைத்தால் கன்னம் பட்டுக் கதை பாதியில் அறுந்துவிடும். பையில் கிடந்தபடியே அது தானாகப் பாடசாலை அதிபருக்கு அழைப்பு எடுக்கும். நான் வகுப்பில் பிள்ளைகளைத் திட்டுவதை அவர் பலமுறை கேட்டிருக்கிறார். அண்ணர் தமிழில் எழுதி அனுப்புகிற குறுஞ்செய்தி, எழுத்து இல்லாமல் வெறும் பெட்டி பெட்டியாக வந்து சேரும். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்க நான் அவருக்குப் போன் எடுப்பேன். "சுகமா எண்டுதான்டா கேட்டனான்" என்பார்.

இன்னொரு சங்கடம், வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வீட்டு வளவுக்குள் அங்குமிங்கும் நடந்து பார்த்ததில் வேலியோர முருங்கையில்தான் நன்றாக இழுத்தது. பையில் போட்டு அதில் கட்டினேன். முருங்கைக் கொப்பின் பலம் தெரிந்ததுதானே, காற்றுக்கு முறிந்து விழுந்தது. பிறகு வாசல் படலைக்குப் பக்கத்து வேம்புக்கு மாற்றினேன். பின்னேரங்களில், மழை தூசி படாமல் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் போன் அந்த வேம்பில் தொங்கும். "அண்ணை, இந்த வருசம் வேம்பு நல்லாக் காய்ச்சிருக்கு" என்று சுபா பகிடி பண்ணுவாள். அதற்குப் பிறகு நான் வகுப்பில் நிற்கும்போதுகூட, அண்ணர் எடுத்தால் சுபா கதைப்பாள் என்று அதை மரத்தில்தான் விட்டுவிட்டுப் போவேன்.

அந்த மரத்தடிக்குத்தான் லெட்சுமி அக்கா வரத் தொடங்கினா.

பக்கத்து வளவு. மலையகத்திலிருந்து ஒரு கலவரத்தோடு வன்னிக்கு வந்து நிலைத்துவிட்ட குடும்பம். கணவரைப் போரின் கடைசிக் காலம் கொண்டுபோய்விட்டது. பஸ் நிலையத்தில் கச்சான் வறுத்து விற்றுத்தான் யோகன் என்கிற ஒரே மகனை வளர்த்தா. யோகன் என்னிடம் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். ஒருநாள், யாருக்கும் பெரிதாகச் சொல்லாமல் அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறிவிட்டான். வீட்டிலிருந்த ஒரே போனையும் கொண்டுபோயிருந்தான். "போய்ச் சேந்ததும் சேருடைய நம்பருக்கு எடுக்கிறன்" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனானாம். என் இலக்கம் அவனுக்கு மனப்பாடம்.

பிறகென்ன, கச்சான் விற்று முடித்த கையோடு லெட்சுமி அக்கா நேரே வேம்படிக்கு வந்துவிடுவா. போனுக்குக் கீழே சாக்கை விரித்து உட்காருவா. மிச்சக் கச்சானைப் பேப்பர்ச் சுருளில் சுற்றிச் சுபாவிடம் கொடுப்பா. ஒழுங்கையால் போகிற சனமெல்லாம் படலையில் நின்று, "பெடியன் எடுத்தவனோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். அந்தக் கடலில் படகுகள் என்னவாகின என்று கேள்விப்பட்டிருந்தோம். அதை அவவுக்கு முன்னால் யாரும் கதைப்பதில்லை.

ஒருநாள் நான் வகுப்பில். சுபா கிணற்றடியில். போன் அடித்திருக்கிறது.

லெட்சுமி அக்கா பையை அவிழ்த்து எடுத்திருக்கிறா. அவவுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைப் பொத்தானை அமத்துகிற போன். இதிலோ பச்சை அடையாளத்தை விரலால் ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். அமத்தி அமத்திப் பார்த்திருக்கிறா. பையைக் கிழித்து எறிந்துவிட்டு மறுபடி அமத்தியிருக்கிறா. சத்தம் கேட்டு ஓடி வந்த சுபா, "இழுங்கோ அக்கா, இழுங்கோ!" என்று கத்தியிருக்கிறாள். இழுத்தும் பார்த்திருக்கிறா. சூட்டு மணலில் கச்சான் வறுத்து வறுத்துக் காய்த்துப்போன விரல் அது. அந்தத் தோலைத் திரை கண்டுகொள்ளவே இல்லை. சுபா கிட்டே வந்து கை வைப்பதற்குள் மணி நின்றுவிட்டது.

நான் வந்தபோது போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றா.

"சேர், புள்ள கூப்பிட்டான். எனக்கு எடுக்கத் தெரியலையே சேர்."

பார்த்தேன். நீளமான வெளிநாட்டு இலக்கம். திருப்பி எடுத்தேன், போகவில்லை. அது யோகன்தானா என்பதும் எனக்குத் தெரியாது.

"அவனாத்தான் இருக்கும், என்ன சேர்?"

"ஓம் அக்கா, அவன்தான்" என்றேன். வேறு எதைச் சொல்ல?

அடுத்த நாள் வந்ததும், "இத எடுக்கப் பழக்கி விடுங்க" என்றா. சுபா தன் சின்னப் போனோடு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழைப்பு எடுப்பாள். லெட்சுமி அக்கா வேம்படியில் இருந்து இழுப்பா. வராது. தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தோம், சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தோம். கடைசியில் அவவே வழியைக் கண்டுபிடித்தா. பேப்பர்ச் சுருள் சுற்ற விரலை நாக்கில் நனைக்கிற பழக்கம் அவவுக்கு. அப்படியே நனைத்து இழுத்தா. போன் எடுபட்டது. ஒழுங்கையே கைதட்டாத குறை.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. பின்னேரமானால் சுபா அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம். ஒருநாள் சுபா பகிடியாகக் குரலை மாற்றி, "அம்மா, நான் யோகன் கதைக்கிறன்" என்றுவிட்டாள். சொன்னதும் சுபாவே பயந்துபோய் வேலியால் எட்டிப் பார்த்தாள். லெட்சுமி அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "இன்னொருக்கா சொல்லு புள்ள" என்றா. சுபா அழுதுவிட்டாள்.

உண்மையான அழைப்பு வந்தபோது எல்லோரும் இருந்தோம். என் மாணவர்களும் நின்றார்கள். போன் அடித்ததும் நான் கை நீட்டினேன். லெட்சுமி அக்கா என் கையைத் தட்டிவிட்டு, விரலை நனைத்து ஒரே இழுவை. "அம்மா" என்று கேட்டது எங்கள் எல்லோருக்கும். எங்கோ ஒரு தீவில் தடுத்து வைத்திருக்கிறார்களாம். உயிரோடு இருக்கிறான். அவ்வளவு நாளும் அவனிடம் கேட்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தா. கேட்டது "சாப்பிட்டியா?" என்று மட்டும்தான். போனை வைத்த பிறகு கச்சான் கூடையை அப்படியே எங்கள் முன்னால் கவிழ்த்துக் கொட்டினா.

யோகன் பிறகு வெளியே வந்து, வேலை எடுத்து, தாய்க்குப் பெரிய போன் ஒன்று அனுப்பினான். அதோடு வேம்படிக்கு வரவேண்டிய தேவை இல்லாமல் போனது. பிறகு அவ வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டோடு போய்விட்டா. இடைக்கிடை வீடியோவில் எடுப்பா. எனக்கு அவவின் நெற்றியும் மேலே சுற்றுகிற மின்விசிறியும் மட்டும்தான் தெரியும்.

போன வருடம் அவ காலமானபோது நான் வவுனியா போனேன். யோகனால் வர முடியவில்லை. விசா இன்னும் சரிவரவில்லை. தாயைக் கிடத்தியிருந்த இடத்தில், தலைமாட்டுக் கதிரையில் அவவின் போன் இருந்தது. அது அடித்தது. யாரும் அசையாததால் நான்தான் எடுத்தேன். என் விரல் தானாக நாக்குக்குப் போனதை அப்போதுதான் கவனித்தேன். திரையில் யோகன். "சேர், அம்மாட முகத்தைக் காட்டுங்கோ" என்றான். போனை மெல்லத் தாயின் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

எங்கள் படலை வேம்பு இப்போது இல்லை. வீதி அகலித்தபோது தறித்துவிட்டார்கள். வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது, சிக்னல் சமைக்கிற குசினிக்குள்ளும் வருகிறது. ஒருவரின் போன் அடித்தால் மற்றவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஒன்று அடித்தால் ஒரு ஒழுங்கையே எழும்பி நின்றது. அந்தக் காத்திருப்பு எனக்குத் திரும்ப வேண்டும் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் வேண்டும்போலத்தான் இருக்கிறது.

மனைவி குப்பை வாளியோடு பார்த்துக்கொண்டு நின்றாள். போனைச் சாளரத்து வெளிச்சத்தில் சரித்தேன். உரிக்காத அந்தப் பிளாஸ்டிக் தாள் மங்கிப்போயிருந்தது. கீழ்ப்பக்கத்தில் மட்டும், இடமிருந்து வலமாக, ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்த தடம். என் விரல் இப்படித் தேய்க்காது. இது காய்த்துப்போன விரல்.

நாக்கில் விரலை நனைத்து அந்தத் தடத்தின் மேல் ஒருமுறை இழுத்தேன்.

"ஆரோடை கதைக்கப் போறியள்?" என்றாள் மனைவி.