படியில் நிற்பவர்கள்

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. டாக்டர் பட்டம் வாங்கி ஐந்து வருடமாகியும், ஒரு பேராசிரியையின் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலைதான். வாய்ப் புற்றுக் கட்டியை அறுத்தெடுக்கும் நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் உயிர் போகாத ஒரு துண்டு வரும். உடம்பைக் காக்க வேண்டிய செல்கள் கட்டியைத் தேடி வந்திருக்கும். வந்தவை உள்ளே நுழையாமல் விளிம்பிலேயே நின்றிருக்கும். அவற்றைத் தடுக்கும் சமிக்ஞை எது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

கேள்வி வீட்டில் பிறந்தது. அப்பா பஸ் கண்டக்டர். எஞ்சின் இரைச்சலை மீறிக் கணீரென்று ஒலிக்கும் குரல். அவள் படிப்பை முடிக்கும் சமயத்தில் அவருக்கு நாக்கில் புற்று. முக்கால் நாக்கை எடுத்தார்கள். உயிர் பிழைத்தது, பேச்சு போனது. அந்தக் குரலைத் தேடி வீட்டிலிருந்த பழைய போன்களையெல்லாம் குடைந்தாள். ஒன்றிலும் இல்லை. தினமும் காது கிழியக் கேட்ட குரலை யார் பதிவு செய்து வைப்பார்கள்?

போன வருடம் அவளைப் பார்க்க வந்த அப்பாவை மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்தாள்.

"நடுவுல நீலமா இருக்கே, அது கட்டிப்பா. ஓரத்துல பழுப்பா இருக்கறதெல்லாம் நம்ம ஆளுங்க. வந்துட்டாங்க, உள்ளதான் போகமாட்டேங்கறாங்க."

அப்பா வெகுநேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதி நீட்டினார்: 'உள்ள இவ்வளவு எடம் இருக்கு. ஏன் எல்லாரும் படியிலயே தொங்கறாங்க?'

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டிய வரி அது.

"யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்கப்பா. யாருன்னுதான் தேடறேன்."

'கண்டுபிடிச்சா எனக்குப் பேச்சு வருமா?'

"வராதுப்பா."

தலையாட்டினார். 'தெரியும். சும்மா கேட்டேன்.'

எட்டு மாதம் கழித்து, ஒரு சமிக்ஞையை மறித்துப் பார்த்தபோது, பதினோரு நோயாளிகளின் துண்டுகளில் நான்கில் செல்கள் உள்ளே போயின. "நாலு போதாது, இன்னும் இருபது பாரு" என்று பேராசிரியை ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்தார்.

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா போனை அப்பா காதில் வைத்தாள்.

"அப்பா, நாலு பேருக்கு உள்ள போயிடுச்சு!"

எதிர்முனையில் மூச்சு இரைந்தது. பிறகு உருவமில்லாத ஒரு சத்தம், நீளமாக.

"என்னமோ சொல்றாருடி, எனக்கும் புரியல. இரு, எழுதச் சொல்றேன்" என்றாள் அம்மா.

"எழுத வேண்டாம்மா. இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

அப்பா மறுபடி சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.