அரைப் பன்றித் தலைவர்

எங்கள் பள்ளி நடைக்கூடத்தில், தலைமையாசிரியர் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருக்கிறது. "ரதிவோயே ஸ்தமேனிச். தலைமுறைகளை உருவாக்கிய ஆசான். ஆசிரியர்களின் கண்ணியத்துக்காக அயராது நின்ற போராளி." ஜனவரியில், பள்ளிகளின் காவல் புனிதரான சாவாவின் திருநாளன்று, நகரசபை கொடுத்தது. பாதிரியார் ரொட்டியைக் கீறி அதன்மேல் திராட்சை மது ஊற்றினார். ஆளுக்கு ஒரு கரண்டி வேகவைத்த கோதுமை தின்றோம். தகட்டை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. படித்தவர்கள் கூடியிருந்த இடம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ரதிவோயே உடற்பயிற்சி ஆசிரியர். ஆசிரியர் சங்கத் தலைவரான நாளிலிருந்து, சட்டப்படியே, அவருக்கு வகுப்பு கிடையாது. இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவர்கூட அவர் விசில் சத்தத்தைக் கேட்டதில்லை. தலைமுறைகளை அவர் உருவாக்கினார் என்றால், அவற்றின் பக்கமே போகாமல் இருந்து உருவாக்கினார் என்றுதான் கொள்ள வேண்டும். அந்த வகையில் எங்களில் சிலரைவிட அவர் மேல்.

அவருடைய உண்மையான தொழில் பன்றி. குளிர்காலத் தொடக்கத்தில் சங்கம் உறுப்பினர்களுக்கு ஆளுக்கு அரைப் பன்றி வாங்கித் தரும். நீளவாக்கில் பிளந்தது, தலை நீக்கியது. விலையை ஆறு மாதத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். விறகும் அப்படியே, சலவைத்தூளும் அப்படியே. மொராவா ஆற்றங்கரையில் நல்ல பன்றி எந்தப் பண்ணையில் கிடைக்கும், எவன் தண்ணீர் காட்டி எடை ஏற்றுவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கிராம்கூடத் திருடியதில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திருடியிருந்தால் அவரிடம் ஏதோ லட்சியம் இருக்கிறது என்றாவது நினைத்திருப்போம்.

தகடு வருவதற்கு முந்தைய இலையுதிர்காலம் முழுவதும் ஊர் ஒரே எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது: ஆசிரியர்களுக்குத் தரும் சம்பளம் நியாயமா? சந்தையில் பாலேடு விற்கும் அம்மாளுக்குச் சந்தேகமே இல்லை.

"கோடையில ரெண்டரை மாசம் லீவு. மத்த நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துடறீங்க. இதுக்கு மேல என்ன, தங்கத்துல தட்டு வேணுமா சார்?"

"அவ்வளவு சுகம்னா உங்க பையனை வாத்தியார் வேலைக்கே அனுப்புங்களேன்," என்றேன்.

"ஐயோ, அவன் என்ன பாவம் பண்ணினான்!"

உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் விவாதம் வைத்தார்கள். ஒரு பக்கம் மூன்று இடத்தில் கார் கழுவும் நிலையம் வைத்திருக்கும் ஒருவர். இன்னொரு பக்கம், எங்கள் சார்பாக, ரதிவோயே.

"வாத்தியாரும் மனுஷன்தானே? அவரும் கறி திங்க வேண்டாமா?" என்றார் ரதிவோயே.

"அதான் நீங்க அரைப் பன்னி குடுக்கறீங்களே!"

"தவணையில குடுக்கறோம்!" என்றார் இவர், பெருமையாக.

யார் ஜெயித்தது என்று நிகழ்ச்சி நடத்தியவருக்குப் புரியவில்லை. தோற்றது யார் என்று எங்களுக்குப் புரிந்தது.

பிறகு போராட்டம். முதலில் வழக்கமான முறையில், பாடவேளையை முப்பது நிமிடமாகக் குறைத்தோம். பிள்ளைகள் எங்களை மனதார ஆதரித்தார்கள். அடுத்த கட்டமாக வகுப்பையே நிறுத்த வேண்டும் என்று ஆசிரியர் அறையில் முதலில் எழுந்து சொன்னவர் வேதியியல் ஆசிரியை வெசெலின்கா. நிரந்தர வேலையில் இருந்தவர்கள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கோ நிரந்தர வேலை கிடையாது. டிசம்பரோடு முடிந்து ஜனவரியில் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம், ஏழு வருடமாக அப்படித்தான். வகுப்பை நிறுத்தினோம். அமைச்சகம் சம்பளத்தை நிறுத்தியது. கடைசியில் பேச்சுவார்த்தைக்குத் தலைநகர் பெல்கிரேடுக்குக் கூப்பிட்டார்கள். ரதிவோயே கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெசெலின்கா அவரை வாசலில் நிறுத்தினார்.

"சம்பளம் எவ்வளவு கூட்டறாங்களோ கூட்டட்டும் தலைவரே. போராட்டம் பண்ணினதுக்காக யாரையும் வெளிய அனுப்ப மாட்டோம்னு ஒரே ஒரு வரி வேணும். மத்தவங்களை அவங்களால அசைக்க முடியாது. என்னை ஜனவரில கூப்பிடாம விட்டாலே போதும், முடிஞ்சுது. அந்த வரி இல்லாம கையெழுத்துப் போடாதீங்க."

"டீச்சர், இந்தக் கையை வெட்டினாலும் போடாது."

மறுநாள் திரும்பி வந்தார். பள்ளி முற்றத்துக்கு அவரோடு ஒரு லாரியும் வந்தது.

"பேச்சு நல்லபடியா போச்சு. சம்பளம் கொஞ்சம் ஏறுது. விவரம் கூட்டத்துல சொல்றேன். முதல்ல இதை இறக்குவோம், கெட்டுடும்."

முற்றத்தில் உறைபனி. அன்றைக்கு எதுவும் கெடுகிற நிலையில் இல்லை. இருந்தாலும் ஒவ்வொருவராகப் போய் நின்றோம். தராசில் ஏற்றுவார், எடையை உரக்கச் சொல்வார், லாரிக்காரன் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைப்பான். வெசெலின்கா டிக்கியைத் திறந்து நைலான் விரிப்பை விரித்து வைத்திருந்தார். லாரிக்காரன் அந்தப் பக்கம் திரும்பியதும் தலைவர் அவன் கையைப் பிடித்தார்.

"அது உங்களுக்கு இல்ல டீச்சர்."

"ஏன், எனக்கு மத்தப் பாதியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆறு தவணை டீச்சர். உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. பிடிக்கிறதுக்குச் சம்பளம் இருக்காதே."

"ஒவ்வொரு டிசம்பரோடயும்தான் முடியுது. போன வருஷம் குடுத்தீங்களே?"

"போன வருஷம் புதுப்பிப்பாங்கன்னு தெரியும்."

அதைச் சொன்ன பிறகும் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புவியியல் ஆசிரியை ஒல்கித்சாதான் கேட்டார்:

"அப்ப இந்த வருஷம் உங்களுக்கு என்ன தெரியும் தலைவரே?"

"அந்த வரியை அடுத்த சுற்றுல பேசலாம்னு சொன்னாங்க. நான் என்ன பண்றது? சங்கத்துப் பணத்துக்கு நான்தானே பொறுப்பு. தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல டீச்சர். வேணும்னா ரொக்கம் குடுத்து எடுத்துக்கலாம்."

வெசெலின்கா நைலானை மடித்தார். டிக்கியை மூடினார். பிறகு தலைவர் எதிரே வந்து நின்றார்.

"கையைக் காட்டுங்க தலைவரே."

ஒன்றும் புரியாமல் அவர் வலது கையை நீட்டினார், கொழுப்புப் பிசுக்கோடு.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வெசெலின்கா வண்டியை எடுத்தார்.

ஒல்கித்சா தன்னுடைய பாதியைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொன்னார். ரசீது போட்டாயிற்று, திரும்ப எடுக்க விதியில்லை என்றார் தலைவர். அதிலும் அவர் சொன்னது சரிதான்.

ஜனவரியில் வெசெலின்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேதியியலை இப்போது உயிரியல் ஆசிரியர் நடத்துகிறார். அமிலம் என்றால் அவருக்குப் பயம், அதனால் சோதனைகளை வாயால் செய்து காட்டுகிறார். சந்தையில் விவாதம் இன்னும் ஓயவில்லை. தகட்டை மாதம் ஒருமுறை துடைக்கிறார்கள்.

ரதிவோயே ஸ்தமேனிச் செய்தது இதுதான்: பெல்கிரேடில் அந்த ஒரு வரி இல்லாத உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார், மறுநாள் பள்ளி முற்றத்தில் நின்று பன்றியைச் சரியாக எடை போட்டார்.